ஊட்டி மலை ரயில்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கோடை விடுமுறை நெருங்கினால் ஜலகண்டாபுரம், தாரமங்கலம், எடப்பாடிப் பக்கத்து டீக்கடைச் சுவர்களில் சுற்றுலா நோட்டீஸ் ஏறிவிடும். ஊட்டி, குன்னூர், இரண்டு பகல் ஒரு இரவு, ஏசி வேன், மூன்று வேளைச் சாப்பாடு. கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில் ‘மலை ரயில் உட்பட’ என்று ஒரு வரி. பிள்ளைகள் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் அதற்கும் கீழே இருக்கிற தொகையைப் பார்ப்பார்கள். “ஏங்க, இவ்வளவு கொடுத்துப் போகணுமா? ஏற்காடு பக்கத்துலயேதானே இருக்கு?” என்று வீட்டில் பேச்சு எழும். நியாயமான கேள்வி. அந்தத் தொகையில் எது எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மலை ரயில் விலை கூடிய சமாச்சாரமே அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் போகிற அன்றாட ரயிலில் இரண்டாம் வகுப்பு இருக்கை 300 ரூபாய் வாக்கில்தான். முதல் வகுப்பு ஏறக்குறைய அதைப் போல இரண்டு பங்கு. ஒரு பேச்சுக்கு, நோட்டீசில் ஆளுக்கு 6,000 ரூபாய் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் குடும்பத்துக்கு 24,000. முதல் வகுப்பிலேயே ஏற்றிவிட்டாலும் ரயிலுக்குப் போவது அதில் 2,400. மீதி 21,600 ரூபாய் வேனுக்கும், ரூமுக்கும், சாப்பாட்டுக்கும், ஏற்பாடு செய்கிறவரின் லாபத்துக்கும். ரயிலின் பேரைச் சொல்லி விற்கப்படுவது ரயில் அல்ல, மே மாதத்து ஊட்டி ரூம்.

இதோடு நம் பக்கத்துக் குடும்பங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு செலவு உண்டு. நோட்டீசில் அது இருக்காது. தறி ஓட்டுகிற வீட்டில் கூலி, நெய்கிற அளவுக்குத்தான். மாதச் சம்பளக்காரர் சனி, ஞாயிறு போய்விட்டு வந்தால் சம்பளம் குறையாது. தறி இரண்டு நாள் நின்றால் அந்த வாரக் கூலியில் இரண்டு நாள் இல்லை. புருஷன் பெண்டாட்டி இருவரும் தறியில் நிற்கிறவர்கள் என்றால் அது இரட்டை. ஆகவே சுற்றுலாத் தொகையை ரூபாயில் பார்ப்பதைவிட, ‘எத்தனை வாரக் கூலி’ என்று பார்ப்பதே சரியான கணக்கு. அப்படிப் பார்த்தும் மனசு ‘போகலாம்’ என்று சொன்னால் தாராளமாகப் போகலாம். பொங்கல் போலத் தறி எப்படியும் நிற்கிற நாட்களை ஒட்டிப் போனால் இந்தச் செலவு மட்டும் மிச்சம்.

வேன் விஷயத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து டெம்போ டிராவலர் பேசினால் கிலோமீட்டர் வாடகை, ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற குறைந்தபட்சக் கணக்கு, டிரைவர் பேட்டா, விஜயமங்கலம் டோல், மலை ஏறுவதற்குத் தனியாக ஹில்ஸ் சார்ஜ் என்று எல்லாம் சேரும். ஜலகண்டாபுரத்திலிருந்து எடப்பாடி, சங்ககிரி, அவினாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்ச் சேர 150 கிலோமீட்டர் வாக்கில் ஆகும். அங்கே நீங்கள் இறங்கி ரயிலில் ஏறிக்கொள்வீர்கள். வேன் காலியாக மலையேறி உங்களுக்காகக் குன்னூரிலோ ஊட்டியிலோ காத்திருக்கும். அந்தக் காலி ஓட்டத்துக்கும் வாடகை உங்களுடையதுதான். ஒரே மலையை ஏற இரண்டு வண்டிக்குக் காசு. வேனில் போகிறவர்களுக்கு மலை ரயில் கூடுதல் செலவு. சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்குகிறவர்களுக்கு அதுதான் மலையேறும் வண்டியே. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் நள்ளிரவு தாண்டிச் சேலம் வந்து, விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் விடுகிறது. மலை ரயில் அங்கிருந்து ஏழு மணிக்கு மேல்தான் கிளம்பும். தூக்கம் கெடும், உண்மைதான். ஆனால் வேன் வாடகை முழுசாக மிச்சம். திரும்பி வர ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அரசுப் பேருந்து அடிக்கடி இருக்கிறது.

வேனில்தான் போவது என்று முடிவானால் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயமானது. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். ரயிலில், அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சரி, செலவைப் பார்த்தாயிற்று. அந்த ரயிலில் அப்படி என்னதான் இருக்கிறது?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,700 மீட்டர். இடையில் ரயில் ஓடுகிற தூரம் 28 கிலோமீட்டர்தான். சாதாரண ரயில் சக்கரம் இந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும், இரும்பு மேல் இரும்புக்குப் பிடிப்பு போதாது. அதனால் கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு தொடங்குகின்றன. ஒன்றின் பல் இருக்கிற இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளிப் பதித்திருப்பார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். விசைத்தறியில் துணி சுற்றுகிற உருளை பின்வாங்காதபடி ஒரு பல்சக்கரம் பிடித்துக்கொண்டிருக்குமே, அதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற்றம் என்கிற செங்குத்தையும் ரயில் இப்படித்தான் ஏறுகிறது. இந்தியாவில் பல்சக்கரம் கொண்டு ஏறும் ரயில் இது ஒன்றுதான்.

பல்பட்டை தொடங்குகிற இடத்தில் ரயில் நடைவேகத்துக்குத் தணிந்து, அடியில் ஒரு குலுக்கலோடு கவ்விப் பிடிப்பதை உட்கார்ந்த இடத்திலேயே உணரலாம். அதற்குப் பிறகு வேகம் மணிக்குப் பத்துப் பதின்மூன்று கிலோமீட்டர்தான். எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் முன்பெட்டிக்கு முன்னால் மறைக்க எதுவும் இல்லை. பாதையும் பாலமும் குகையும் நேராக எதிரே வரும். முதல் வகுப்பை வழக்கமாக அந்த முன்பெட்டியில்தான் வைக்கிறார்கள். முதல் வகுப்புக்கு இரண்டு பங்கு காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிற வெகு சில ரயில்களில் இது ஒன்று. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர் நின்றுகொண்டு வருவார். பெட்டிக்குப் பெட்டி தனி பிரேக். கொடியைக் காட்டி ஒருவருக்கொருவர் சைகை செய்து, கடைசியில் இருக்கிற எஞ்சின் டிரைவர் வரைக்கும் சேதி போகும். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு ரயில் ஓடுவதைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். எல்லோரும் இறங்கி டீயும் வடையும் வாங்குவார்கள். அங்கே குரங்குகள் அதிகம். கையில் பொட்டலத்தைப் பிரித்தபடி நிற்கிறவர் வடையை மறந்துவிட வேண்டியதுதான். கீழே கல்லாற்றில் பாக்குத் தோப்பும் புழுக்கமும், நடுவில் ஆளரவமில்லாத காடு, குன்னூர் நெருங்கும்போது தேயிலையும் குளிரும். மூன்று மூன்றரை மணி நேரத்தில் இத்தனையும் மாறுகிறதைச் சன்னலோரத்தில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். வேன் இதே ஏற்றத்தை 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே எடுத்து ஏறிவிடும், பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பாதையை அமைக்கும் யோசனை 1854இலேயே வந்தது. வேலை தொடங்கியது 1891இல். குன்னூர் வரை 1899இல் ரயில் ஓடியது, ஊட்டியை 1908இல் தொட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பல்பட்டை முறையைக் கண்டுபிடித்த ஆப்ட் என்பவர் சுவிட்சர்லாந்துக்காரர். நீராவி எஞ்சின்கள் அதே நாட்டின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்து வந்தவை. பின்னாளில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்துவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்து பேச்சு வந்ததால் அங்கே ஒரு நடை போய்விட்டு வருவோம். காசு தகுமா என்ற கேள்விக்கு அங்கேதான் நல்ல பாடம் கிடைக்கிறது. ஐரோப்பா டூர் போகிற தமிழர்கள், சூரிச், பெர்ன் பக்கத்து ஈழத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரையும் யுங்ஃப்ராவு மலையில் யுங்ஃப்ராவுயோக் என்ற இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். 3,454 மீட்டர் உயரத்தில் ரயில் நிலையம். 1896இல் வேலை தொடங்கி 1912இல் முடிந்தது. கீழேயிருந்து போய்வர முழுக் கட்டணம் ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல், நம் காசில் இருபதாயிரம் ரூபாயை எளிதாகத் தொடும். ஆனால் அந்தக் கடைசி ஒன்பது கிலோமீட்டர் ரயில் பாதையில் ஏழு கிலோமீட்டர் மலைக்குள்ளே குடைந்த சுரங்கம். போகிற வழியில் பார்க்க இருட்டுத்தான். கொடுக்கிற காசு அத்தனையும் உச்சியில் நின்று பார்க்கிற பனிமலைக்கும் பனியாற்றுக்கும். அன்று மேகம் மூடியிருந்தால் இருபதாயிரம் ரூபாய்க்கு வெள்ளைத் திரைதான் கிடைக்கும். அங்கே விவரம் தெரிந்தவர்கள் காலையில் எழுந்ததும் உச்சியில் வைத்திருக்கிற கேமராவின் நேரலைப் படத்தைப் பார்த்துவிட்டு, வானம் தெளிவாக இருந்தால் மட்டும் டிக்கெட் எடுப்பார்கள். குழுவாகப் போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை; மூன்று மாதம் முன்பே நாள் குறித்திருப்பார்கள், மழையோ மூட்டமோ ஏறித்தான் ஆக வேண்டும். அதே வட்டாரத்தில் இன்டர்லாக்கன் நகரத்துக்கு மேலே ஹார்டர் கும் என்று 1,322 மீட்டர் உயரக் குன்று ஒன்று இருக்கிறது. அதற்கும் இழுவை ரயில் உண்டு, கட்டணம் கொஞ்சத்தில் கொஞ்சம். அங்கே நின்றால் யுங்ஃப்ராவு மலையை அதன் முழு உருவத்தோடு எதிரே பார்க்கலாம். மலை மேலேயே ஏறி நிற்கிறவனுக்கு அந்த மலை முழுசாகத் தெரியாதல்லவா? பனியை மிதிக்க வேண்டும் என்றால் மேலே போக வேண்டும். பனிமலையைப் பார்க்க வேண்டும் என்றால் கீழ்க்குன்றே போதும். இரண்டும் வேறு வேறு ஆசை, விலையும் வேறு.

இதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். எந்த மலைச் சுற்றுலாவுக்கும் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொண்டால் போதும்: மேலே போய்ச் சேரும்போது மூட்டம் மூடி ஒன்றுமே தெரியவில்லை என்றாலும், இந்தக் காசு கொடுத்ததற்கு வருத்தப்படாமல் இருப்போமா?

நீலகிரி மலை ரயில் இந்தக் கேள்வியில் தேறிவிடும். அங்கே பார்க்க வேண்டியதே பயணந்தான். மூட்டத்துக்குள் ரயில் நுழைந்து குகையில் மறைந்து வெளியே வருவதும்கூட ஒரு காட்சிதான், யாரும் ஏமாந்தோம் என்று சொல்வதில்லை. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலை தேறாது. கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து விடியாத இருட்டில் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். கரடுமுரடான பாதை, இடுப்பு எலும்பை எண்ணிப் பார்க்க வைக்கிற குலுக்கல், எல்லாம் சூரியோதயம் ஒன்றுக்காக. கிழக்கே மேகம் இல்லாத நாளில் அதற்கு இணை கிடையாது என்று போய்வந்தவர்கள் சொல்வது சரிதான். மேகம் இருந்தால் குலுக்கல் மட்டும் மிச்சம். அதற்காகப் போகக்கூடாது என்றில்லை. ஜீப்புக்குத்தான் வாடகை, ஆளுக்கு அல்ல; ஆறு பேர் நிறைந்து போனால் ஆளுக்கு விழுவது சுமாரான தொகை. இரண்டு பேராகப் போய் முழு ஜீப் வாடகை கொடுக்கிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். காஷ்மீர் போகிறவர்களுக்குக் குல்மார்க் ரோப்கார் இதே ரகம். அதன் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரம் போகும்; காற்று பலமாக அடித்தால் அதை நிறுத்திவிடுவார்கள். முதல் கட்டத்துக்கு மட்டும் மனசைத் தயார் செய்துகொண்டு போவது நல்லது.

மூட்டம் நம் கையில் இல்லை. ஆனால் எப்போது வரும் என்பது ஓரளவு கணக்கில் அடங்குகிற விஷயம். காலை வெயில் மலைச் சரிவைச் சூடாக்கும். சரிவை ஒட்டிய காற்றும் சூடேறி, கீழேயிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு மேலே ஏறும். உயரம் கூடக் கூடக் காற்று குளிர்ந்து ஈரம் மேகமாகத் திரளும். அதனால்தான் மலைகளில் காலை எட்டு ஒன்பது மணிக்குப் பளிச்சென்று தெரிகிற பள்ளத்தாக்கு, மத்தியானம் ஆனால் வெள்ளையாகிவிடுகிறது. மலை ரயில் ஊட்டிக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணிக்குத் தொட்டபெட்டாவுக்கு வண்டியை விட்டால், 2,637 மீட்டர் உயரத்தில், தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரத்தில், பெரும்பாலும் மேகத்துக்குள்தான் நிற்பீர்கள். சுற்றுலா நோட்டீஸ்கள் முக்கால்வாசி முதல் நாள் மத்தியானத்தில்தான் தொட்டபெட்டாவைப் போடுகின்றன, வண்டிக்கு அது வசதி என்பதால். மறுநாள் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். முதல் நாள் மத்தியானத்துக்குத் தாவரவியல் பூங்கா போதும், ரோஜாவுக்கும் புல்வெளிக்கும் தெளிந்த வானம் தேவையில்லை.

மாதத்தையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குப் பக்கத்தையும் ஊட்டியையும் நனைக்கும். நமக்கு ஆடிப் பதினெட்டு வருகிற நாட்கள் அதற்குள்தான் அடங்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில், அதாவது ரயில் ஏறுகிற குன்னூர், கல்லாறு பக்கமே கொட்டும். மண் சரிந்து, பாறையும் மரமும் பாதையில் விழுந்து ரயில் நாள்கணக்கில் நின்றுபோவது அந்த மாதங்களில் வழக்கம். தீபாவளி லீவுக்கு மலை ரயிலை நம்பித் திட்டம் போடுவது அதனால்தான் சரியில்லை. மே மாதம் மலர்க் கண்காட்சியும் கூட்டமும். ரூம் வாடகை உச்சத்தில் நிற்கும். சமவெளி வெக்கையில் புகை போலத் தூசி படிந்து மலையிலிருந்து கீழே பார்த்தால் தெளிவும் இருக்காது. என்னைக் கேட்டால் தைப் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ, வார நாளில் போகச் சொல்வேன். ஊட்டியில் காலையில் உறைபனி இருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம், வானம் கண்ணாடியாக இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது நடக்காது என்பதும் தெரியும். அவர்களுக்கு அரையாண்டு லீவு முடிகிற ஓரம் ஒன்றுதான் வழி.

போகிற வழி, திரும்புகிற வழி இரண்டுக்கும் மலை ரயிலே எடுக்க வேண்டுமா? வேண்டாம். ஏறும்போது ஒரு தடவை போதும். இறங்கும்போது பிற்பகல் இரண்டு மணி வாக்கில் கிளம்புகிற ரயில் இருட்டுகிற நேரத்துக்குச் சற்று முன்னால்தான் மேட்டுப்பாளையம் வந்து சேரும், மூட்டம் இருக்கிற வேளையும் அதுதான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் இன்னும் ஒரு படி மேலே போய், ஏறும்போதே குன்னூரில் இறங்கிவிடச் சொல்வேன். பல்பட்டை குன்னூரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் டீசல் எஞ்சின், சாதாரண ஓட்டம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக அழகான பாதைதான். ‘மூன்றாம் பிறை’ கடைசிக் காட்சி எடுத்த கேத்தி நிலையத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தொடரலாம். ஆனால் ஐந்து மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்த பிள்ளை கடைசி ஒன்றரை மணி நேரத்தில் அழ ஆரம்பித்துவிடும். குன்னூரிலேயே சிம்ஸ் பூங்காவைச் சுற்றிவிட்டு ஊட்டிக்குப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இதற்கு நேர்மாறாக, பிள்ளைக்கு ‘மலை ரயிலில் போனேன்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு சவாரி மட்டும் போதும் என்றால், குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே நாளில் பல தடவை ஓடுகிற ரயிலில் ஏற்றிவிடுங்கள். செலவு மிகக் குறைவு.

வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, வண்டி நிற்கிற நிலையங்களில்தான். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இருக்கை நெருக்கமானது, காலை நீட்ட முடியாது. முட்டிவலிக்காரருக்கு ஐந்து மணி நேரம் அதிகம். மற்றபடி ஊட்டி உயரத்தில் பெரும்பாலோருக்கு மூச்சுத் தொல்லை வருவதில்லை. யுங்ஃப்ராவுயோக் போன்ற, 3,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். இருதயக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் அங்கே ஏறக்கூடாது. வாழ்நாளில் ஊரைத் தாண்டாத அம்மாவை ஒரு தடவையாவது ஊட்டி பார்க்க வைக்க வேண்டும் என்பதற்காகப் போகிறவர்கள் இந்தக் கட்டுரையின் கூட்டல் கழித்தலைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். அது வேறு கணக்கு.

இனி ஏற்காடு. வீட்டில் எழுந்த அந்தக் கேள்விக்கு வருவோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், அரசுப் பேருந்துக் கட்டணம் ஒரு சாப்பாட்டுக் காசைத் தாண்டாது, காலையில் போய் ராத்திரி வீடு திரும்பிவிடலாம். தறி ஒரு நாள்தான் நிற்கும். லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் கீழே சேலம் நகரம் முழுக்க விரிந்து கிடக்கும், வானம் தெளிந்த நாளில் மேட்டூர் அணை நீர்ப்பரப்பு வரைக்கும் கண்ணுக்கு எட்டும். ஜலகண்டாபுரத்துக்காரர் தம் ஊர் இருக்கிற திசையை மேலிருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. மூட்டமாக இருந்தால் போனது ஒரு பகல், அவ்வளவுதான், அடுத்த மாதம் மறுபடி போகலாம். மலையிலிருந்து கீழே பார்க்கிற காட்சிதான் வேண்டும் என்றால் ஏற்காடே போதும். அதற்காக ஊட்டிக்கு 24,000 கொடுப்பது வீண்.

கொல்லிமலையும் காசு கேட்காத மலைதான், ஆனால் உடம்பைக் கேட்கும். நாமக்கல் பக்கமிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு ஒத்துழைக்காதவர்களுக்கு ஏறி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம். குளித்துவிட்டு ஈர உடம்போடு திரும்ப ஏறுகிறபோதுதான் ஒவ்வொரு படிக்கும் பெருமூச்சு வரும். சுமார் 300 அடியிலிருந்து விழுகிற தண்ணீரின் அடியில் நிற்கிற சுகத்துக்கு இது தகுமா என்றால், நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தகும் என்பேன். ஆடி 17, 18இல் வல்வில் ஓரி விழாக் கூட்டம் இருக்கும். விழா பார்க்க வேண்டும் என்றால் அந்த நாள், அருவி பார்க்க வேண்டும் என்றால் வேறு நாள்.

ஆக, ஏற்காடும் கொல்லிமலையும் கொடுக்க முடியாத ஒன்றே ஒன்று அந்தப் பல்சக்கர ரயில். ஊட்டிக்குச் செலவழிப்பதென்றால் அதற்காகச் செலவழியுங்கள், மற்றதைச் சுருக்குங்கள். ரூமைக் குன்னூரில் போடலாம், ஊட்டியைவிட நெரிசல் குறைவு. குடிதண்ணீர்ப் பாட்டிலை வீட்டிலிருந்தே சில்வரிலோ செம்பிலோ கொண்டுபோகலாம். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

டிக்கெட்டை நீங்களே எடுப்பது நல்லது. ரயில்வேயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. மலை ரயிலில் இருக்கைகள் கொஞ்சம், கோடை நாட்களுக்கு அன்றே தீர்ந்துவிடும். அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து போட்டால்தான் உண்டு. கிடைக்காவிட்டால் முன்பதிவில்லாத இருக்கைகள் கொஞ்சம் இருக்கும், அதற்கு மேட்டுப்பாளையத்தில் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். நாலு பேர் குடும்பத்தோடு அந்தச் சூதாட்டம் வேண்டாம். கோடையில் சிறப்பு ரயில் என்று தனியாக விடுவார்கள். கட்டணம் அன்றாட ரயிலைவிடக் கூடுதல், பாதை அதேதான், மலையும் அதேதான். அன்றாட ரயிலில் இடம் இல்லாதபோது மட்டும் அதை யோசிக்கலாம். ஏற்பாட்டாளர் மூலம் போகிறவர்கள் ‘மலை ரயில் உட்பட’ என்பதற்கு எந்த ரயில், எந்த வகுப்பு, மேட்டுப்பாளையத்திலிருந்தா அல்லது குன்னூரிலிருந்து ஊட்டி வரைக்கும் மட்டுமா என்று கேட்டு, நோட்டீசின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல நேரங்களில் அந்த ‘உட்பட’ குன்னூர்–ஊட்டித் துண்டுதான். பல்சக்கரமே அதில் கிடையாது. மழையில் பாதை அடைபட்டு ரயில்வேயே ரத்து செய்தால் டிக்கெட் பணம் முழுசாகத் திரும்பிவிடும். அந்தப் பணம் ஏற்பாட்டாளர் கணக்குக்குப் போய்ச் சேருமா, உங்கள் கைக்கு வருமா என்பதையும் அதே தாளில் எழுதிவிடச் சொல்லுங்கள்.